தனியே போகக் கூடாது

“ஊழியத்துக்குத் தனியா போகக் கூடாதுடா, எப்பவும் ரெண்டு பேர்தான். கொஞ்சம் இரு, நானும் வர்றேன்” என்று முனகினான், காய்ச்சலில் கிடந்த கூட்டாளி.

“பேசாம படு!” என்று போர்த்திவிட்டு, அந்நிய நாட்டு மழையில் தனியே கிளம்பினான் இளம் மிஷனரி.

எல்லா வீட்டிலும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். கடைசி வீட்டு அம்மா மட்டும், “அடடா, தொப்பலா நனைஞ்சிட்டீங்களே!” என்று தலை துவட்ட இரண்டு மஞ்சள் துண்டுகளைக் கொண்டுவந்தாள். ஒன்றை இவனிடம் கொடுத்தாள். இன்னொன்றை இவனைத் தாண்டி நீட்டினாள்.

“நான் ஒருத்தன்தாம்மா.”

“அப்போ உங்க பின்னால நடுங்கிட்டு நிக்கிறது யாரு?”

திரும்பினான். யாருமில்லை.

அறைக்கு ஓடினான். போர்த்திய போர்வை கலையவே இல்லை. கூட்டாளியைத் தொட்டான். உடல் விறைத்திருந்தது, காலையில் இவன் கிளம்பியதுமே மூச்சு நின்றிருக்க வேண்டும்.

போர்வையை விலக்கினான்.

அவன் கழுத்தில், ஈரம் சொட்டச் சொட்ட, மஞ்சள் துண்டு.