பூதம் தூக்கிய கை

“இந்தத் தடவையும் முதுகுவலின்னு சொல்லியிருந்தா, வீட்டுக்கே வந்து இழுத்துட்டு வந்திருப்பேன் தம்பி” என்றார் யசுயோ.

இசாமு சிரித்து மழுப்பினார். டோக்கியோவின் அந்தச் சின்ன தியேட்டரில் கோடைக்குக் கோடை பழைய பூதப் படங்கள் ஒரு வாரம் ஓடும். யசுயோ தவறாமல் கூப்பிடுவார். இவரும் தவறாமல் ஒரு சாக்குச் சொல்வார். ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சாக்குகள் தீர்ந்துபோயின.

அன்று ஓடிய படத்தில் ஏரிப் பூதமாக நடித்தவர் யசுயோவின் கணவர் கன்ஜி. எண்பது கிலோ ரப்பர் உடைக்குள் நின்றுகொண்டு அட்டை நகரத்தை மிதித்து நொறுக்க வேண்டும். அவரை உள்ளே விட்டு முதுகுப் பக்கம் ஜிப்பை இழுத்து மூடுவதும், பிறகு திறந்துவிடுவதும் அப்போது இருபது வயதான இசாமுவின் வேலை. அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவார். படப்பிடிப்பின் கடைசி நாளில், செட்டிலேயே, கன்ஜியின் இதயம் நின்றுபோனது. உடைக்குள் இருந்த வெக்கை தாங்கவில்லை என்றார் டாக்டர்.

விளக்கு அணைந்தது. பொம்மை டாங்கிகள் உருண்டு வந்தபோது கூட்டம் சிரித்தது.

“டேய், கயிறு தெரியுதுடா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

யசுயோவும் சிரித்தார். இசாமுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரப்பரின் வாடை இப்போதும் மூக்கில் ஏறுவதுபோல் இருந்தது.

கடைசிக் காட்சியில் அரங்கம் அடங்கியது. எரிகிற நகரத்தின் நடுவே பூதம் மண்டியிட்டது. வலது கையை மெல்ல மேலே தூக்கியது. விரல்களை மூடித் திறந்தது. மறுபடியும் மூடித் திறந்தது. அப்படியே சரிந்தது.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கைதட்டல் எழுந்து வெகுநேரம் நீடித்தது. இசாமு மட்டும் தட்டவில்லை.

வெளியே வந்தபோது தாடி வைத்த இளைஞன் ஒருவன் யசுயோவின் முன்னால் வந்து குனிந்து வணங்கினான்.

“அம்மா, அந்தக் கை! ‘நான் என்ன பாவம் செஞ்சேன்’னு வானத்தைப் பார்த்துக் கேட்கிற மாதிரி! கதையில எழுதவே இல்லையாமே?”

“இல்லப்பா. அவரா செஞ்சது” என்றார் யசுயோ.

பக்கத்து டீக்கடையில் குளிர்ந்த பார்லி டீ வந்தது. இசாமு அதைத் தொடவில்லை.

“நீங்க பக்கத்துலயேதானே நின்னீங்க தம்பி. அந்த நேரத்துல அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்?”

ஒரு அழகான பொய் நாக்கு நுனிவரை வந்தது. என்றைக்காவது இந்தக் கேள்வி வரும் என்று எப்போதோ தயார்செய்து வைத்திருந்த பொய். ஆனால் சற்றுமுன் பார்த்த அந்தக் கை அதைச் சொல்லவிடவில்லை.

“அது நடிப்பு இல்ல அண்ணி.”

யசுயோ நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ளேயிருந்து கத்தினா வெளியே கேட்காது. அதுக்காக ஒரு சைகை வெச்சிருந்தோம். கையைத் தூக்கி ரெண்டு தடவை மூடித் திறந்தா, மூச்சு முட்டுது, ஜிப்பைத் திறன்னு அர்த்தம். நான் பார்த்தேன் அண்ணி. பார்த்துட்டும், என்னமா நடிக்கிறார்னு நினைச்சுட்டேன். டைரக்டர் கைதட்டினார். எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன். தட்டி முடிச்சுட்டுத்தான் போய்த் திறந்தேன்.”

இசாமு தலையைக் குனிந்துகொண்டார். கன்னத்தில் அறை விழுந்தாலும், டீயை முகத்தில் வீசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

அவர் கைகள் இரண்டையும் யசுயோ பிடித்துக்கொண்டார்.

“இதை இறக்கி வெச்சிருவீங்கன்னுதான் வருஷா வருஷம் கூப்பிட்டேன் தம்பி. அந்தச் சைகையை யோசிச்சு அவருக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தானே!”