யாக்கோப்பு வீட்டு அரிசி

"அரிசி மூட்டையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிரிக்கிறீர்?"

இன்ஸ்பெக்டர் அழகரத்தினம் அதட்டியும் யாக்கோப்பு அசையவில்லை. வாசலில் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார். "மூட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல ஐயா. உள்ளுக்க மட்டும் போகாதீங்க!"

பஞ்சத்தில் நாடே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற எழுபத்து நாலாம் ஆண்டு. அரிசி பதுக்கினவன் அகப்பட்டால் மறியல் சிறைதான். யாக்கோப்பு வீட்டில் மூட்டை மூட்டையாக இருக்கிறதென்று வாழைச்சேனைச் சந்தை முழுக்க ஒரு வாரமாக இதே கதை. இப்படி மறித்து நிற்கிற மனிதரை எந்தப் பொலிஸ் நம்பும்?

தள்ளிக்கொண்டு போனவர்களுக்குத் தலை சுற்றியது. கூரை முட்டப் பழைய பேப்பர்க் கட்டு, துருப்பிடித்த டின், கிழிந்த வலை, உடைந்த தோணிப் பலகை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் வீடு வாசல் போனதிலிருந்து மனிதர் ஒரு போத்தல் மூடியைக்கூட எறிந்ததில்லையாம்.

"எல்லாத்தையும் வெளியில எடுங்கடா!"

யாக்கோப்பின் மனைவி மக்டலின் கட்டுப்போட்ட காலை இழுத்து இழுத்து முன்னே நடந்து விளக்குக் காட்டினாள். போன வாரம் டின் குவியல் சரிந்து விழுந்த கால் அது.

"விளக்கத் தள்ளிப் பிடிங்கம்மா, கடதாசி பத்திடும்!" என்று கத்தினார் ஒரு கான்ஸ்டபிள்.

"ஓம் ஐயா. குசினி அடுப்படியிலயும் பாருங்க. கட்டிலுக்குக் கீழயும்."

ஒவ்வொன்றும் முற்றத்துக்குப் போகப் போக யாக்கோப்பு வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார். "சீனித்தம்பி! நீதானேடா காட்டிக்குடுத்த? நாசமாப் போவாய்!"

"எனக்கென்ன விசரா?" என்று வேலிக்கு அப்பால் பாய்ந்தார் சீனித்தம்பி.

பின்னேரம் வீடு வெறுமையானது. அகப்பட்டது கூப்பனுக்குக் கிடைத்த அரிசி, அரைக் கொத்து அளவு மட்டும். தலை முழுக்கத் தூசியோடு அழகரத்தினம் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

"ஒரு நாளே மண்ணாப் போச்சு! சந்தையில இந்தக் கதையக் கட்டிவிட்டது ஆரு?"

மக்டலின் முன்னுக்கு வந்தாள். "இவர ஒரு டொக்டரிட்டக் காட்ட எத்தின பேரக் கெஞ்சினன் ஐயா. ஊர் விதானை வரல்ல, பங்குச் சாமி வரல்ல, என்ட தம்பியும் வரல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் இந்தக் குப்பைக்குள்ள நசிஞ்சு சாகப்போறம்."

"அதையா கேட்டன்? கதையக் கட்டினது ஆரு?"

"நான்தான் ஐயா. அரிசி எண்டாத்தானே நீங்க வருவீங்க."