சிவப்புக் காரின் உயரம்

வீட்டுக் கொட்டகையிலேயே காரைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்க ஒரு லிஃப்ட் வாங்குவதென்று முதலாளி முடிவு செய்த நாளிலிருந்து சிவப்புக் காருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது ஒன்று, ஆள் உயரத்துக்கும் மேலே தூக்குவது ஒன்று. தூக்கப்போவது உன்னைத்தான், நீயே சொல்" என்றார் முதலாளி.

"இதிலென்ன கேள்வி? உயரமானதுதான்!" என்றது கார்.

மூலையில் கிடந்த பழைய ஜாக்கி மெல்லச் சொன்னது: "சின்னதே போதும், தம்பி. உன் அடிவயிறு எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் யாரிடமாவது மூச்சு விட்டிருக்கிறேனா?"

"முழங்கால் உயரம் தூக்குகிறவனுக்கு இந்தப் பேச்சா! ஊரே என்னை அண்ணாந்து பார்க்கப்போகிறது, வயிறெரியாதே."

உயரமான லிஃப்டே வந்தது. வெளிச்சத்துக்காக ஷட்டரை முழுதாகத் திறந்துவிட்டுக் காரை மேலே ஏற்றினார் முதலாளி. தெருவில் நின்ற ஸ்கூட்டர், ஆட்டோ, தண்ணீர் லாரி எல்லாம் அண்ணாந்து பார்த்தன. பளபளக்கும் சிவப்பு எதன் கண்ணிலும் படவில்லை. பட்டதெல்லாம் துருப்பிடித்து உதிரும் தகடும், எண்ணெய் டின்னை வெட்டி அடித்த ஒட்டும், கம்பியில் கட்டித் தொங்கும் சைலன்சரும்தான்.

"அம்மாடியோ!" என்றது ஆட்டோ.

காருக்கு உச்சி குளிர்ந்துபோனது. "கேட்டாயா ஜாக்கி? ஒருத்தர் பார்வையாவது என்னைவிட்டு நகர்கிறதா பார்!"

"நகரவில்லை, தம்பி" என்றது ஜாக்கி. அதற்குமேல், எப்போதும்போல, அது மூச்சு விடவில்லை.