தணல் சட்டியும் எண்ணெய் அடுப்பும்

அழகையா கையும் களவுமாகப் பிடிபட்டார். கையில் தணல் சட்டி. நின்ற இடம், தேயிலை பெக்டரியின் எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில்.

விடிந்தும் விடியாத நேரம். காவல்காரர் தம்பையா போட்ட சத்தத்தில், காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பாதி வழியில் திரும்பி ஓடி வந்தார்கள்.

"பெக்டரிக்கே நெருப்பு வைக்கப் பார்த்தான்யா இந்த மனுசன்!"

எல்லாரும் நம்பினார்கள். காரணம் தோட்டத்துக்கே தெரியும். இருபத்திரண்டு வருசமாகத் தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளியவர் அழகையா. கொழும்புப் பக்கம் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை வந்ததும், இனி எல்லாம் எண்ணெய்தான் என்றார்கள். பெரகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கும் ஒரு எண்ணெய் அடுப்பு ஏறி வந்தது. அழகையாவைப் புல்லு வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

புது அடுப்புக்கு ஒரு மாதம் தவணை. சரியாக ஓடாவிட்டால் கழற்றி அனுப்பிவிட்டுப் பழையபடி விறகுதான் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். தவணை முடிய இன்னும் இரண்டே நாள்.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்தார்.

"அடுப்பக் கெடுத்தா ஒன் பழைய வேலை திரும்பி வரும்னு நெனைச்சியோ?"

அழகையா தணல் சட்டியைக் கீழே வைத்தார்.

அவர் மனைவி கருப்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏதாச்சும் சொல்லுங்களேன்!"

"என்னத்தச் சொல்ல. விடு புள்ள."

"இன்னைக்கே பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டு அனுப்புறேன்" என்றார் டீமேக்கர்.

வேலையும் போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு. கருப்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டீமேக்கர் திரும்பினார். "புவாத், நீ அடுப்பப் பத்த வை. கொழுந்து காத்துக்கிட்டு கெடக்கு."

புவாத் பதுளைக்காரன். கொழும்பில் பயிற்சி எடுத்து வந்தவன்; அந்த அடுப்பை இயக்கத் தெரிந்த ஒரே ஆள். ஒரு தடவை முயன்றான். இரண்டு, மூன்று. புகைதான் வந்தது.

"நேத்து வரைக்கும் ஓடுச்சே!"

"நேத்து வரைக்கும் அழகையா அண்ணன் வந்தாரே, சேர்."

"என்ன ஒளர்ற?"

"இந்தக் குளிருக்கு எண்ணெய் கட்டியாப் போகுது, குழாயில எறங்காது. விடிய முந்தி அண்ணன்தான் தணல் வச்சுக் குழாயச் சூடாக்குவாரு. வெளிய தெரிஞ்சா அடுப்பக் கழட்டிருவாங்க, சொல்லாதன்னாரு. நானும் வேலை போயிருமேன்னு பயந்து பேசாம இருந்துட்டேன்."

ஆலை கட்டிய பெரியவர்களுக்கு இந்த மலைக் குளிரைப் பற்றி யார் போய்ச் சொல்வது?

டீமேக்கர் தணல் சட்டியைத் தானே எடுத்து அழகையாவிடம் நீட்டினார். அழகையா குனிந்து, குழாய்க்கு அடியில் தணலைப் பரப்பி ஊதினார். கால் மணி நேரத்தில் அடுப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது.

"பத்துச்சீட்டெல்லாம் ஒண்ணும் இல்ல, போ. ஆனா தெரியாமத்தான் கேக்குறேன். நீ சும்மா இருந்திருந்தாலே இது தானா நின்னுருக்கும். விறகு வேலையும் ஒனக்கே வந்திருக்கும். ஏன்யா இப்படிப் பண்ணுன?"

அழகையா சாம்பல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கருப்பம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் வந்தாப் பரவாயில்லைங்க. மலை உச்சியில இருந்து விறகு சொமக்குற வேலை இவளுக்கும்ல திரும்பி வந்துரும்."