சுவரில் அக்கா

அரசு இரண்டு திட்டங்களைக் காட்டியது. வீட்டுக்கே ஆள் அனுப்பும் திட்டத்துக்குப் பதினோரு வருடம் காத்திருக்க வேண்டும். காப்பகத் திட்டத்தில் உடனே அறை கிடைக்கும்; அறைச் சுவரில் வீட்டாரின் குரலும் இருக்கும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். ஜெபராணி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில், பார்வையும் நடையும் இல்லாத நாற்பது வயதுத் தம்பி எட்வினுக்குக் காப்பகத்தையே எடுத்தாள். தூக்கி இறக்க அவள் முழங்காலில் இனி வலுவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, சுவருக்கான குரலைப் பேசிப் பதிவுசெய்து கொடுத்தாள். கடிந்த சொல் ஒன்றுகூட அதில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள்.

"எட்வின், அக்கா வந்திருக்கேன்."

அவன் சுவரின் பக்கம் திரும்பிச் சிரித்தான். "நீ எங்கக்கா போன? காலையிலேருந்து இங்கதான இருக்க."

ஜெபராணி, கொண்டுவந்த புதுச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டாள். மீன்குழம்புச் சோற்றுக் கிண்ணத்தை அவன் மடியில் வைத்தாள். முதல் கவளத்திலேயே குழம்பு நெஞ்சில் வழிந்தது.

"ஏலே, பாத்துத் தின்னா என்னல? புதுச் சட்டையப் பாழாக்கிட்டியே!"

எட்வினின் கை நின்றது. முகம் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பியது.

"அக்கா! நீ எப்ப வந்த?"

அவள் முந்தானையால் அவன் நெஞ்சைத் துடைத்தாள். அவன் அடுத்த திட்டுக்காக அவள் பக்கம் காதைச் சாய்த்தான். பிறகு கிண்ணத்தைத் தடவி, ஒரு கை குழம்பை அள்ளி, வேண்டுமென்றே சட்டையில் ஊற்றிக்கொண்டான்.