ஏரிக்கரை சாம்பியன்

ஏரிக்கரைக் கிடாய்களையெல்லாம் முட்டித் தள்ளி, செவலக்கிடா சாம்பியனாயிருச்சு. ஆனா அங்க சாம்பியனான எவனும் வெளியூர்ச் சந்தைப் போட்டியில ஜெயிச்சதே இல்ல. “நான் ஜெயிக்காம ஊர் திரும்ப மாட்டேன்”னு சொல்லிட்டுத்தான் செவல கெளம்புச்சு.

சந்தையில எதிர்ல நின்னது, அந்த ஊர் மேட்டுத்தெருப் போட்டியில மூணாவதா வந்த கருங்கிடா.

“மூணாவதா? உன்கூட முட்டுறதே எனக்கு அவமானம்டா தம்பி.”

“பாத்து நில்லுங்கண்ணே.”

ஒரே முட்டு. செவல புழுதியில உருண்டுச்சு.

“உங்க தெருவுல மொதல்ல வந்தவன் எங்கடா?”

“மேயப் போயிட்டாருண்ணே. ஏரிக்கரைக்கு நீயே போதும்னுட்டாரு.”

கூட்டமே சிரிச்சுது. செவல எந்திரிச்சு, மூக்குல ஏறுன மண்ணத் தும்மித் தள்ளிட்டு, காலை ஊனி நின்னுச்சு.

“ஆளனுப்பி அவரை வரச்சொல்லு. அவரு வர்ற வரைக்கும் உன்கிட்ட முட்டிப் பழகிக்கிறேன்.”