லொறி பின்னுக்கு வருது

"சத்தம் கேட்டால் விலகி ஓடச் சொன்னனான். லொறியைப் பாத்து ஓடச் சொன்னனானோ?"

காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டபடி டிலக்ஷி கத்தினாள். கொழும்பிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம் தள்ளியிருந்த கொழும்புத்துறையில் எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு அவள்தான் பாதுகாப்பு அதிகாரி. வேலைக்கு வந்து பன்னிரண்டே நாள்.

எதிரே, கொங்கிறீட் லொறியின் பின்சில்லுக்குப் பக்கத்தில், வேலையாட்கள் ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"கால் தன்ரை பாட்டிலை வந்திட்டுது, பிள்ளை," என்றாள் சீமெந்து குழைக்கிற பொன்மலர்.

"உங்கடை கால் வரும் அக்கா. அதுக்கு மேலை லொறி ஏறும். பிறகு எந்தக் காலாலை வீட்டை போவியள்?"

போன கிழமை இதே லொறி பின்னுக்கு வந்தபோது கோபிசங்கரின் சப்பாத்து சில்லுக்குள் அகப்பட்டது. கால் தப்பிவிட்டது, சப்பாத்து தோசையாகிவிட்டது. பின்னுக்கு எடுக்கும்போது அடிக்கிற ஹோன் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அதை விசாரிக்கத்தான் கொழும்பு அலுவலகத்திலிருந்து இராசசிங்கம் சேர் இன்று பத்து மணிக்கு வருகிறார். அவருக்கு முன்னால் ஆட்கள் விலகாவிட்டால் வேலைத்தளத்துக்குப் பூட்டு. முதலில் வீட்டுக்குப் போவது டிலக்ஷி.

அவள் சாரதி பக்கம் திரும்பினாள். "செந்தூரன் அண்ணை, புது ஹோன் வடிவா அடிக்குதோ?"

"தேன் மாதிரி அடிக்குது மிஸ். கம்பனி ஹோன் வர ஒரு மாசமாம். என்ரை மச்சான்ரை ஓட்டோவிலை கிடந்ததைக் கழட்டிப் பூட்டினனான்."

"என்ன ஓட்டோ?"

"மூண்டு சில்லு ஓட்டோதான்."

பகிடிக்கு நேரமில்லை. டிலக்ஷி காதுமூடியை மாட்டினாள். லொறிக்குக் கிட்ட நிற்பவர்கள் கட்டாயம் போடவேண்டும் என்று கம்பனிச் சட்டம். கம்பனி அனுப்பியது ஒன்றே ஒன்று. மாட்டினால் பக்கத்தில் யானை பிளிறினாலும் கேட்காது.

கையைக் காட்டினாள். லொறி பின்னுக்கு வந்தது. பொன்மலர் இரண்டு அடி விலகினாள். அப்பாடா! பிறகு நின்றாள், திரும்பினாள், முகம் மலர லொறியை நோக்கி நடந்தாள். அவளை முந்திக்கொண்டு கோபிசங்கர் ஓடினான், ஒரு கை காற்சட்டைப் பொக்கற்றுக்குள்.

டிலக்ஷி லொறியை மறித்துவிட்டுப் பாய்ந்தாள். "கோபி! போன கிழமை சப்பாத்தைக் குடுத்தாய். இந்தக் கிழமை என்னத்தைக் குடுக்கப் போறாய்?"

"மூளைக்கு விளங்குது மிஸ். மற்றதுகளுக்குத்தான் விளங்குதில்லை."

"மற்றது எண்டால்?"

கோபி பொன்மலரைப் பார்த்தான். பொன்மலர் வானத்தைப் பார்த்தாள். "சொன்னால் வெக்கம், பிள்ளை."

"வெக்கப்பட்டுக்கொண்டு சாகப் போறியளோ? இனி ஆராவது அசைஞ்சியளோ, சேருக்கு முன்னாலை கயித்தாலை கட்டி வைப்பன்!"

மணி பத்தாக ஐந்து நிமிடம். கடைசி ஒத்திகை. ஆறு பேரும் ஓரமாகப் போய்ச் சாரக் கம்புகளை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோபி கண்ணையும் மூடிக்கொண்டான். லொறி வந்தது. ஒருத்தரும் அசையவில்லை. டிலக்ஷிக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பின்வாசலால் ஒரு மனிதர் விறுவிறு என்று உள்ளே வந்தார். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் பைல், கழுத்தில் கம்பனி அட்டை. தூசி படிந்த கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தபடி, லொறியின் பின்பக்கத்துக்கு நேரே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்.

இராசசிங்கம் சேர்!

இரண்டு கையையும் விரித்துச் சாரதிக்குத் தெரிய லொறிக்கு முன்னால் துள்ளினாள் டிலக்ஷி. செந்தூரன் பிறேக்கை மிதித்தான். லொறிக்கும் சேருக்கும் நடுவே ஒரு முழம்.

"சேர், விலகுங்கோ!" என்று கத்திக்கொண்டே காதுமூடியைப் பிடுங்கி எறிந்தாள். ஹோன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. தெருத்தெருவாகப் பாண், பணிஸ் விற்கிற ஓட்டோவின் பாட்டு; விடிந்தால் அவள் தலைகூட வாராமல் சில்லறையோடு வீட்டுப் படலைக்கு ஓடுகிற அதே பாட்டு.

சேர் கண்ணாடி இல்லாமலே லொறியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஒரு காசுத் தாளை நீட்டினார்.

"ராத்திரி பஸ் ஏறினது, இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை. தம்பி, ஒரு றாத்தல் பாணும் நாலு சீனிப் பணிசும் தாரும்!"